சூளை காத்த முகம்

வடமதுரையில் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு. உள்ளே வெறும் மஞ்சள் கறை. "யார் இது?" என்று கேட்டேன். "எங்க அப்பத்தா" என்றான் அத்தை மகன். அப்பத்தா போய்விட்டாள், பொட்டுதான் மிஞ்சியிருக்கிறது.

அன்று மாலை திண்டுக்கல்லில் ஒரு கல்லறைத் தோட்டத்தைக் கடந்து போனேன். ஒரு சிலுவையின் அடியில் முட்டை வடிவப் பீங்கான் வில்லை. அதில் ஒரு பெரியவரின் முகம். வெயிலும் மழையும் நேரே விழும் இடம். ஆயினும் மீசை மயிர்கூடத் தெளிவாயிருந்தது. கூரைக்கடியில் இருந்த முகம் அழிந்தது. வானத்தடியில் இருந்தது பிழைத்தது. என்ன மாயம் இது?

பழைய காகிதப் படத்தில் முகத்தைத் தாங்குவது நுண்ணிய வெள்ளித் துகள். ஈரமும் உஷ்ணமும் நாளடைவில் அதைக் கெடுத்துவிடும். புகைப்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களிலேயே படங்கள் மங்கும் கவலையும் வந்துவிட்டது. 1854-இல் லாஃபோன் த காமர்சாக் என்ற பிரெஞ்சுக்காரர் படத்தைச் சூளையில் சுடும் முறைக்கு உரிமை பெற்றார்.

பின்னால் பரவிய முறை ஒன்று மிக எளிது. ஒளி பட்டால் இறுகும் பசையைக் கண்ணாடியில் தடவி, படத்தின் வழியே வெயில் காட்டுவார்கள். நிழல் விழுந்த இடம் மட்டும் பிசுபிசுப்பாக இருக்கும். அதில் உலோக ஆக்ஸைடுப் பொடியைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். பீங்கானுக்கு மாற்றிச் சுட்டால் பசை எரிந்துபோகும். பொடி உருகி மெருகோடு ஒன்றாகிவிடும். அப்புறம் அதை எது அழிக்கும்?

காமிராவும் களிமண்ணும் நம் நாட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தவைதாம். 1850-இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் மட்பாண்டத் தொழிலையும் வளர்த்தார், புகைப்படத்தையும் கற்பிக்கச் செய்தார். 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் பிறந்ததும் அவர் முயற்சியால்தான். அந்தப் பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மண்பாண்டக் கலை அங்கே இன்னும் பாடம்.

இறந்தவரை மண்ணிடம் ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் எலும்பைக் காத்தன. முகத்தைக் காக்க அன்று வழியில்லை. இன்று வழியிருக்கிறது. ஆனால் முகம் இருக்கும்போதே கொடுத்தால்தானே சூளை காக்கும்?

மறுமுறை போனபோது இதையெல்லாம் சொல்லி, அத்தையைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தை சிரித்தாள்.

"ஏண்டா, என்னை இப்பவே சுடணுங்கிறியா?"

சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.