ஏலமலை 'ரிசர்வ்': காடா, தோட்டமா?

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலை. 1897இல் திருவிதாங்கூர் அரசு இதனைக் 'கார்டமம் ஹில் ரிசர்வ்' என அறிவித்தது. 'ரிசர்வ்' என்றால் ஒதுக்கப்பட்டது. எதற்காக என்பதை அச்சொல் சொல்லாது. 'காப்புக்காடு' என்று மொழிபெயர்த்தால் வனம். 'ஏலத்துக்கு ஒதுக்கிய நிலம்' என்றால் சாகுபடி நிலம். அதே லத்தீன் வேரில் பிறந்த இத்தாலியச் சொல்லான 'ரிசெர்வா' இரண்டையும் தாங்கும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. போடியிலிருந்து சென்று அங்கே ஏலம் பயிரிடும் குடும்பங்களின் நில உரிமையே இதில் அடங்கியிருக்கிறது. மண் வருவாய்த்துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்ற விசித்திரமான இரட்டை ஆட்சி அங்கு நிலவுகிறது. பரப்பளவிலும் சர்ச்சை உண்டு. 15,720 ஏக்கர் என்பது விவசாயிகள் தரப்பு. 2,15,720 ஏக்கர் என்பது சூழலியல் அமைப்புகளின் தரப்பு. முன்னால் நிற்கும் அந்த '2' பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.