நான்கு போர்ஷன் வீடு

சாம்ராஜ்யங்களின் சரித்திரத்தை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனத்தின் சரித்திரத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆகையால் கம்ப்யூட்டருக்குள் நடக்கும் ஒண்டுக்குடித்தனம் ஒன்றைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குடிவருகிறவர் கொஞ்சம் வயதானவர். காசு போட்டு ஆடும் பழைய வீடியோ ஆட்டம்தான் அவர்.

அவருக்கும் ஒரு காலம் இருந்தது. 1978-இல் ஜப்பானில், டைட்டோ கம்பெனியைச் சேர்ந்த டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தைச் செய்தார். வரிசை வரிசையாக இறங்கி வரும் பகைவர்களைச் சுட வேண்டும். சுடச் சுட, மிஞ்சியவர்கள் வேகமாக வருவார்கள். இது திட்டமிட்டுச் செய்ததல்ல. அத்தனை உருவங்களையும் வரைந்து அந்த யந்திரத்துக்கு மாளவில்லை; உருவங்கள் குறையக் குறைய அதற்கு வேகம் பிடித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். யந்திரத்தின் தள்ளாமையே ஆட்டத்துக்கு உயிராகிவிட்டது!

உயிர் என்று இருந்தால் சாவும் உண்டல்லவா? காப்காம் கம்பெனி 1993-இல் கொண்டுவந்த 'சிபிஎஸ்-2' பலகைகளில் ஆட்டத்தைச் சங்கேதத்தில் பூட்டி, சாவியை ஒரு சின்ன பாட்டரியின் தயவில் வைத்திருந்தார்கள். பாட்டரி தீர்ந்தால் சாவி மறைந்துவிடும். ஆட்டமும் அதோடு சரி.

இத்தகைய பழைய ஆட்டங்களுக்கு 1997-இல் ஒரு வழி பிறந்தது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' என்ற புரோகிராம், பழைய யந்திரத்தைப் போல வேஷம் கட்டுகிறது. நல்ல நடிகன் கிழவன் வேஷம் போட்டால் தளர்நடையையும் சேர்த்து நடிப்பான், மேமும் அப்படித்தான்.

நடிகனுக்கு மேடை வேண்டுமே! 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அந்த மேடை ஆயிற்று. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால், ஆட்டத்துக்கென்றே 'பேடோசெரா', 'ரீகால்பாக்ஸ்' முதலியவற்றைப் பலர் கூடிச் செய்தார்கள்.

இனி குடித்தன விஷயம். 1983-இல் ஐ.பி.எம். பி.சி.க்கு ஹார்ட் டிஸ்க் வந்தபோது வகுத்த ஏற்பாட்டில், டிஸ்க்கின் வாசற்படி 512 பைட். அதில் 64 பைட்டில் நான்கு போர்ஷன்களின் கணக்கு. 446 பைட்டில் வாசற்காவலன். விண்டோஸ் பிறகு குடிவந்தால், இருக்கிற காவலனை விரட்டிவிட்டுத் தன் ஆளை நிறுத்திவிடும். லினக்ஸோடு வரும் 'க்ரப்' என்ற காவலனோ, பெரும்பாலும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டியல் போட்டு, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பான். ஆகவேதான் விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவச் சொன்னார்கள். பின்னால் வந்த 'யூஈஎஃப்ஐ' முறையில் ஒவ்வொருவருக்கும் தனி அலமாரி கிடைத்ததால் சண்டை குறைந்தது.

ஆட்டத்துக்கான லினக்ஸ் மட்டும் சில சமயம் முழு வீட்டையும் கேட்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் குழந்தைகளின் புகைப்படம் உள்பட எல்லாம் அழியும். ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் எழுதி, அதிலிருந்தே இயக்குவதுதான் எனக்கு உசிதமாகப் படுகிறது. திண்ணையில் படுக்கும் விருந்தாளியால் யாருக்கும் இடைஞ்சலில்லை. மேம் இலவசம், ஆட்டங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

புதியவர் வந்தால் பழையவர் வெளியேற வேண்டும் என்பதுதான் யந்திரங்களின் வழக்கம். இங்கேயோ, இருப்பவரைக் கலைக்காமல் ஒரு கிழவருக்கு இடம் கொடுக்க முடிகிறது. மனிதர்கள் செய்த சரித்திரத்தில் இது சின்ன விஷயம்தான். ஆனால் நல்ல விஷயம்.