ஒரு வட்டமும் ஓர் ஆண்டும்: ஹங்கேரி 1956

ஹங்கேரிய மொழியில் 'கோர்' என்னும் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். வடிவத்திற்கும் அச்சொல்லே, கூடிப் பேசுவோர் குழுவிற்கும் அச்சொல்லே. தமிழிலும் அவ்வாறே வழங்குகிறோம். 1956ஆம் ஆண்டு அந்நாட்டில் நிகழ்ந்த பேரெழுச்சியை எழுதும் வரலாற்றாசிரியர் எவரும் பெட்டோஃபி வட்டம் என்ற பெயரைச் சொல்லாமல் கடந்து செல்வதில்லை. ஒரு கவிஞனின் பெயரால் அமைந்த வட்டம் அது. ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அதனைப் பற்றி எழுதும்போது, கவிஞர்கள் கூடினார்கள், ஆட்சி ஆடிப்போயிற்று என்று எழுதிப் பெருமிதம் கொள்வது எளிது. அப்படித்தான் பலரும் எழுதியிருக்கின்றனர். அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கணக்கே தென்படுகிறது. சொல்லைத் தொடங்கியவர் யார், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதே அக்கணக்கு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹங்கேரி சோவியத் படையின் நிழலில் இருந்தது. கட்சித் தலைவர் மாத்யாஷ் ராகோஷி ஸ்டாலினின் அணுக்கச் சீடர் எனத் தம்மை அழைத்துக்கொள்வதில் மகிழ்ந்தவர். இரகசியக் காவல் துறை வீடுதோறும் செவி வைத்திருந்தது. உழவர் தம் விளைச்சலில் பெரும்பகுதியை அரசுக்குக் கட்டாயமாக அளக்க வேண்டும். அளவு குறைந்தால் அதிகாரிகள் வந்து பரணில் உள்ள தானியத்தையும் வழித்துச் செல்வர். அந்நாட்டு மக்கள் இதனைப் 'பரண் துடைப்பு' என்றே அழைத்தனர். பரண் துடைக்கப்பட்ட அதே காலத்தில், 1952இல், ராகோஷியின் அறுபதாம் பிறந்த நாளுக்கு ஹங்கேரிய எழுத்தாளர்கள் கூடி ஒரு மலர் வெளியிட்டனர். அஞ்சி எழுதியோர் சிலர். ஆதாயம் கருதி எழுதியோர் சிலர். இவ்விரு சாராரைக் காட்டிலும் மெய்யாகவே நம்பி எழுதியோரே பின்னாளில் மிகுதியாகத் துன்புற்றனர் என்பது என் கருத்து. ஸோல்தான் ஸெல்க் போன்ற கவிஞர்கள் அம்மூன்றாம் வகையினர்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தார். அவ்வாண்டுக் கோடையில் இம்ரே நாஜ் பிரதமராகிக் கெடுபிடிகளைத் தளர்த்தினார். நவம்பரில் எழுத்தாளர் சங்கத்தின் ஏடான 'இலக்கியச் செய்தி'யில் பீட்டர் குட்ஸ்கா என்னும் இளங்கவிஞர் 'நீர்ஷேக் நாட்குறிப்பு' என்ற நெடும் பாடலை வெளியிட்டார். நீர்ஷேக் என்பது வடகிழக்கு ஹங்கேரியின் வறிய வேளாண் நிலப்பகுதி. அங்கே தாம் கண்ட உழவர் வாழ்வைக் குட்ஸ்கா மறைக்காமல் எழுதினார். நமது புறத்திணை மரபறிந்தோர்க்கு இப்பாடலின் இடம் எளிதில் விளங்கும். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு இறை கொள்ளும் முறையைப் பிசிராந்தையார் உணர்த்தியதைச் செவியறிவுறூஉ என்று துறை வகுத்தனர். குட்ஸ்கா செய்ததும் அதுவே. வாழ்த்துப் பாட்டிலிருந்து செவியறிவுறூஉவிற்கு ஹங்கேரியக் கவிதை திரும்பிய இடம் என்று அதனைக் குறிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிசிராந்தையார்க்குத் திரும்பப் பெற வேண்டிய பழைய பாட்டு எதுவும் இருக்கவில்லை.

1955 வசந்தத்தில் நாஜ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். தணிக்கை மீண்டும் இறுகியது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் 59 எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையொப்பமிட்டுக் கட்சித் தலைமைக்கு ஒரு முறையீடு அளித்தனர். மிரட்டல் வந்ததும் அவர்களுள் மிகப் பலர் தம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வீரகாவியமாக எழுதுவோர் இச்செய்தியைத் தவிர்த்துவிடுவர். அடுத்த ஆண்டு நிமிர்ந்து நின்றவர்கள் முந்தைய ஆண்டு பின்வாங்கியவர்களே என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

1956 பிப்ரவரியில் மாஸ்கோவில் குருஷேவ் ஸ்டாலினின் குற்றங்களை மூடிய அவையில் எடுத்துரைத்தார். அச்செய்தி கசிந்து புதாபெஷ்ட் வந்தது. கட்சியின் இளைஞர் அமைப்பு, படித்த இளைஞர்களின் மனக்குமுறலுக்கு ஒரு வடிகாலாக அமைத்துக் கொடுத்ததுதான் பெட்டோஃபி வட்டம். சாண்டோர் பெட்டோஃபி 1848 மார்ச் 15 புரட்சியின் கவிஞர். அடுத்த ஆண்டே போர்க்களத்தில் இருபத்தாறு வயதில் மறைந்தவர். அப்பெயரை ஏந்திய வட்டம் வடிகாலாக நின்றுவிடும் என்று ஆட்சியாளர் எண்ணியது வியப்புக்குரியது. பொருளியல், வரலாறு, மெய்யியல் எனத் துறைதோறும் விவாதங்கள் நிகழ்ந்தன. மெய்யியல் அமர்வில் ஜார்ஜ் லூகாச் பேசினார். நூற்றுக்கணக்கில் வந்தோர் ஆயிரக்கணக்காயினர்.

ஜூன் 18 அன்று எழுந்து பேசியவர் எழுத்தாளர் அல்லர். யூலியா ராய்க் என்னும் கைம்பெண். அவர் கணவர் லாஸ்லோ ராய்க் அமைச்சராக இருந்தவர்; பொய்க் குற்றம் சுமத்தப்பட்டு 1949 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். கைக்குழந்தையுடன் இருந்த யூலியாவையும் சிறையிலிட்டு, குழந்தையைப் பிரித்து வேறு பெயரில் வளர்த்தனர். கொலையாளிகள் தண்டிக்கப்படும்வரை ஓயமாட்டேன் என்ற பொருள்பட அவர் அவையில் பேசினார். அவை எழுந்து நின்றது. அவ்வட்டத்தின் ஆண்கள் மாதக்கணக்கில் பேசிய சொற்பொழிவுகளைக் காட்டிலும் அச்சில நிமிடங்களே அவ்வாண்டின் போக்கை உறுதி செய்தன என்று நான் கருதுகிறேன். ஒன்பது நாள் கழித்து ஜூன் 27 மாலை, படை அலுவலர் மன்றத்தில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய விவாதம் தொடங்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஒலிபெருக்கியில் கேட்டோர் வெளியிலும் நின்றனர். நாவலாசிரியர் டிபோர் தேரி, கோளாறு தனி மனிதரிடம் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது என்று கூறினார். பேச்சு விடியற்காலை வரை நீண்டது. மூன்றாம் நாள் கட்சி அவ்வட்டத்தைக் கண்டித்தது. தேரி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். எனினும் ஜூலையில் பதவி இழந்தவர் ராகோஷி. அவரிடத்தில் எர்னோ கெரோ வந்தார். செப்டம்பரில் எழுத்தாளர் சங்கப் பொதுக்குழு, ஆட்சிக்கு ஒத்தூதியோரைத் தேர்தலில் தோற்கடித்து உழவர் குடியில் பிறந்த பீட்டர் வெரெஷைத் தலைவராக்கியது.

அக்டோபர் 6 அன்று ராய்க்கின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு அரசு மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. லட்சம் பேரளவில் மக்கள் மழையில் அணிவகுத்தனர். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ராய்க் உள்துறை அமைச்சராக இருந்தபோது பிறரை ஒடுக்கத் தயங்காதவர். மக்கள் அவரை நேசித்து வந்தார்கள் என்பதற்கில்லை. பிணத்தை மதித்தல்ல, பொய்யை வெறுத்து வந்தனர்.

அக்டோபர் 23 செவ்வாய்க்கிழமை. தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் முந்தைய இரவு பதினாறு கோரிக்கைகளை எழுதியிருந்தனர். பிற்பகலில் பெட்டோஃபி சிலையருகே ஒரு நடிகர் 1848ஆம் ஆண்டின் தேசியப் பாடலை ஓதினார். ஆற்றின் மறுகரையில் பெம் சிலையருகே பீட்டர் வெரெஷ் எழுத்தாளர் சங்கத்தின் அறிக்கையைப் படித்தார். அளந்து தொகுத்த நல்ல அறிக்கைதான். ஆனால் ஒலிபெருக்கி போதாமல் பெரும்பாலோர்க்கு அது கேட்கவில்லை; கேட்டோரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கொடிகளின் நடுவிலிருந்த அரசுச் சின்னத்தை வெட்டி எறிந்து, நடுவே துளையுடன் அவற்றை ஏந்தி மக்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தனர். தொழிற்சாலை முடிந்து வந்த தொழிலாளர் வழிநெடுகச் சேர்ந்துகொண்டனர். எட்டு மீட்டர் உயர ஸ்டாலின் சிலையை அவர்களே வெட்டு விளக்குகளால் முழங்காலளவில் அறுத்து வீழ்த்தினர். பீடத்தின்மேல் இரண்டு காலணிகள் மட்டும் எஞ்சின. வானொலி நிலையத்தில் துப்பாக்கி வெடித்தது. வட்டத்தில் தொடங்கிய சொல், அன்றிரவு வட்டத்தின் கையை விட்டுப் போயிற்று.

அதன்பின் நடந்தவை விரைவானவை. விடியுமுன் சோவியத் டாங்கிகள் நகருள் வந்தன. கொர்வின் திரையரங்கைச் சுற்றிய சந்துகளில், பெட்ரோல் நிரப்பிய புட்டிகளுடன் அவற்றை எதிர்த்தோர் பெரும்பாலும் தொழிற்பயிலுநரும் இளந்தொழிலாளருமே, சிறுவரும் இருந்தனர். நாஜ் மீண்டும் பிரதமரானார். அக்டோபர் 30இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்ததென அறிவித்தார். உழவரைக் கசக்கிய கட்டாயத் தானிய அளவும் ஒழிந்தது. பின்வந்த ஆட்சியும் அதனை மீட்கத் துணியவில்லை. அதே நாளில் குடியரசுச் சதுக்கத்தில் கட்சி அலுவலகத்தைத் தாக்கிய கூட்டம், சரணடைந்தோரையும் அடித்துக் கொன்றது. இதனையும் மறைக்காமல் எழுத வேண்டும். எழுத்தாளர் சங்கம் மாண்டோர் குடும்பங்களுக்காகத் தெருமுனைகளில் பணப்பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தது. காவல் எவருமில்லை, உடைந்த கடைக் கண்ணாடிகளுக்கு நடுவே அப்பெட்டிகளில் பணம் நிறைந்தது, எடுத்தோர் இல்லை. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே வாரத்தில்.

நவம்பர் 2 அன்று 'இலக்கியச் செய்தி' வெளிவந்தது. அதில் ஜூலா இல்யேஷ் கொடுங்கோன்மை பற்றி 1950இல் எழுதி, அச்சிட இயலாது வைத்திருந்த நெடும் பாடல் முதன்முறையாக இடம்பெற்றது. முழுப்பாடலும் ஒரே வாக்கியம். கொடுங்கோன்மை என்பது சிறைக் கதவோடு நிற்பதன்று, உண்ணும் உணவிலும் உறங்கும் படுக்கையிலும் கலந்தது, ஒவ்வொருவரும் அதன் கண்ணியாகிறோம் என்பது அதன் பொருள். ஆறாண்டு ஒரு பாடலைக் காத்து வைத்தல் எளிதன்று. அது வெளிவந்தபின் சுதந்திரம் இரண்டு நாள் நீடித்தது.

நவம்பர் 4 ஞாயிறு அதிகாலையில் சோவியத் படை பெருந்திரளாக நுழைந்தது. ஐந்தரை மணிக்குச் சற்று முன் நாஜ் வானொலியில் சில வாக்கியங்கள் பேசிவிட்டு யூகோஸ்லாவியத் தூதரகத்தில் புகலடைந்தார். எட்டு மணிக்கு முன் நாடகாசிரியர் ஜூலா ஹாய், உலக எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் உதவி கோரும் வேண்டுகோளை வாசித்தார். பிறகு இசை, பிறகு அமைதி. உலகம் அந்நாளில் சூயஸ் கால்வாயை நோக்கிக் கொண்டிருந்தது.

இந்தியாவின் பங்கு பெருமைப்படத் தக்கதன்று. நவம்பர் 9 அன்று ஐ.நா. பொதுப்பேரவையில், சோவியத் படை விலகவும் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்கவும் கோரிய தீர்மானத்தைச் சோவியத் அணியோடு சேர்ந்து நம் நாடு எதிர்த்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார்; நேருவும் பின்னர்த் தம் தொனியை மாற்றிக்கொண்டார். புதாபெஷ்டில் இருந்த இந்தியத் தூதரகம் வேறு வழியில் உதவிற்று. அமைச்சர் இஷ்ட்வான் பிபோ எழுதிய சமரசத் திட்டம் ஆர்பாத் கொன்ட்ஸ் என்பவர் மூலம் இந்தியர் கைக்குச் சேர்க்கப்பட்டது. அதற்காகக் கொன்ட்ஸ் ஆயுள் தண்டனை பெற்றார், சிறையிலேயே மொழிபெயர்ப்பாளரானார், 1990இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். நிகழ்ந்தவற்றை ஆராய ஐ.நா. அமைத்த ஐவர் குழுவில் இலங்கையும் இருந்தது.

யானோஷ் காதார் ஆட்சி அமைத்த பின்னும் எதிர்ப்பைத் தொடர்ந்து நடத்தியவர்கள் தொழிலாளரே. நவம்பர் 14 அன்று புதாபெஷ்டின் மையத் தொழிலாளர் மன்றம் உருவாயிற்று. அதன் தலைவர் ஷாண்டோர் ராட்ஸ் கருவி செய்யும் தொழிலாளி. வயது இருபத்து மூன்று. டாங்கிகளால் நகரைப் பிடிக்கலாம், நிலக்கரி வெட்ட இயலாது என்பதை அவர்கள் காட்டினர். டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டு ராட்ஸ் கைதானார். டிசம்பர் 28 அன்று எழுத்தாளர் சங்கம் கூடி, நடந்தது எதிர்ப்புரட்சி என்று சொல்ல மறுக்கும் ஆரோன் தமாஷியின் அறிக்கையைப் பெரும்பான்மையால் ஏற்றது. ஜனவரியில் சங்கம் முடக்கப்பட்டது. தேரிக்கு ஒன்பதாண்டு, ஹாய்க்கு ஆறாண்டு, முன்பு வாழ்த்துப் பாடிய ஸெல்க்கிற்கு மூன்றாண்டு எனச் சிறைத்தண்டனை விழுந்தது. உலக எழுத்தாளர் பலர் குரல் கொடுத்தனர். 1960இல் தேரியும் ஹாயும் விடுதலையாயினர். 1957 செப்டம்பரிலோ, ஹங்கேரிப் பிரச்சினையை ஐ.நா. விவாதிக்கக் கூடாது எனக் கோரும் அறிக்கையில் எழுத்தாளர் பெருந்திரளாகக் கையொப்பமிட்டனர். முந்தைய ஆண்டு உலகின் உதவியை வேண்டி வானொலியில் அழைத்தது அவர்களின் சங்கமே. அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. அவ்வறையில் அமர்ந்து கையொப்பமிட மறுப்பது எத்தகையது என்பதை வெளியிலிருந்து சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அவ்வெழுச்சியில் மாண்ட ஹங்கேரியர் ஏறத்தாழ 2,500 பேர். சோவியத் வீரர் 700 பேரளவில். ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்களுள் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு நீங்கினர். பின்வந்த ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் இதழாளர் மிக்லோஷ் கிமேஷ் போன்ற படித்தோர் சிலரே. மிகப் பலர் இளந்தொழிலாளர். பீட்டர் மான்ஸ்ஃபெல்ட் எழுச்சியின்போது பதினைந்து வயதுத் தொழிற்பயிலுநர். 1959 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டபோது பதினெட்டு நிறைந்து பதினோரு நாள். வயது நிறையும்வரை காத்திருந்து கொன்றார்கள் என்று பின்னாளில் ஒரு கதை எழுந்தது. அன்றைய சட்டத்திற்கு அக்காத்திருப்புத் தேவைப்படவில்லை. எழுத்தாளர்க்குக் கிடைத்த உலகக் குரல் இத்தகையோர்க்குக் கிடைக்கவில்லை.

தூக்கிலிடப்பட்டோர் பலரைப் புதாபெஷ்டின் புறநகர் இடுகாட்டில் 301ஆம் பகுதியில் பெயரின்றிப் புதைத்தனர். 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்ட இம்ரே நாஜின் உடலும் பிறகு அங்கேயே மறைக்கப்பட்டது. 1989இல் அதே ஜூன் 16 அன்று வீரர் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள் வைக்கப்பட்டன. ஐந்து நாஜிற்கும் அவர் தோழர்க்கும். ஆறாவது பெட்டி வெறுமையானது. பெயர் அறியாத போராளிகளுக்கு உரியது. தூக்கிலிடப்பட்டோர் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகப் படித்தனர். பெயருக்குப் பின் தொழிலையும் வயதையும் சொன்னார்கள்.