பரிமாற்றம் எனும் சொல்

பண்பாட்டுப் பரிமாற்றக் குழு என்றே எங்கள் பயணக் குழுவுக்குப் பெயர். பரிமாற்றம் என்னும் சொல்லில் நாம் எவரும் தீங்கு காண்பதில்லை. நம் பாட்டை அவர்கள் கேட்பார்கள்; அவர்கள் விருந்தை நாம் உண்போம்; இரு தரப்பாரும் சிறிது வளம் பெற்றுப் பிரிவோம். ஆனால் துருக்கி நாட்டின் சில ஊர்களில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. 'முபாதெலே' என்பார்கள். அதற்கும் பரிமாற்றம் என்றுதான் பொருள். அங்கே பரிமாறப்பட்டவை பாட்டும் விருந்தும் அல்ல, மனிதர்கள்.

துருக்கியைப் பற்றி நம் இறைமக்கள் அறிந்தவை குறைவல்ல. புனித பவுல் பிறந்த தர்சு அங்கே இருக்கிறது. திருவெளிப்பாட்டு நூல் பெயர் சொல்லி அழைக்கும் ஏழு சபைகளும் அங்கேயே. நீசேயா, கொன்ஸ்தாந்திநோபிள், எபேசு, கல்கெதோன் என்று முதல் பொதுச்சங்கங்கள் யாவும் கூடிய மண் அது. ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசத்தின் சொற்கள் 325இலும் 381இலும் அந்நாட்டு நகரங்களில்தான் வடிவம் பெற்றன. நீசேயா இன்று இஸ்னிக் எனப்படும் சிற்றூர். அதன் ஏரிக்கடியில் பழைய ஆலயம் ஒன்றின் அடித்தளம் கிடப்பது 2014இல் கண்டறியப்பட்டது. சங்கம் கூடிய 1700ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2025 நவம்பரில் திருத்தந்தை 14ஆம் லியோ அங்கே சென்று செபித்தார். இவை பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் விரிக்க வேண்டுவதில்லை.

நம்மை வாட்டியது வேறொரு கேள்வி. அந்தக் கிறித்தவர்கள் எங்கே போனார்கள்? 1453இல் கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்ததோடு எல்லாம் முடிந்தது என்பதே நம்மில் பலர் நினைப்பு. அது வரலாறு அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இன்றைய துருக்கியின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கிறித்தவர். அவர்களில் அர்மேனியருக்கு 1915இல் நேர்ந்த பேரழிவு தனியே எழுதப்பட வேண்டியது. கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தோரின் முடிவோ ஒரு மேசையில், மையும் காகிதமும் கொண்டு எழுதப்பட்டது.

கப்பதோக்கியாவுக்கு வருவோம். புனித பேதுருவின் முதல் திருமுகம் இப்பகுதியில் அந்நியராய்ச் சிதறி வாழ்ந்தோருக்கு எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க. பெரிய பசிலியார், அவர் தம்பி நீசா நகர்க் கிரகோரியார், அவர்தம் நண்பர் நசியான்சு கிரகோரியார் ஆகிய மூவரும் இந்த மண்ணின் மைந்தர்கள். மூவொரு இறைவனைப் பற்றி இன்று குருமடங்களில் கற்பிக்கப்படுவதில் பாதி, இம்மூவரின் உழைப்பு. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து செய்த ஆலயங்களைக் காண கோரமே என்னும் ஊருக்கு உலகமே திரண்டு வருகிறது. நாங்களும் வரிசையில் நின்று பார்த்தோம்; ஓவியங்கள் அழகியவை. ஆனால் மனம் நின்றது அங்கேயல்ல. அங்கிருந்து தென்மேற்கே, கூட்டம் குறைந்த ஓர் ஊரில்.

அவ்வூருக்கு இன்று குசெல்யுர்த் என்று பெயர். அழகிய தாயகம் என்று பொருள் சொல்லலாம். பழைய பெயர் கெல்வெரி. நசியான்சு கிரகோரியாரின் குடும்ப நிலங்கள் இப்பகுதியில் இருந்தன. 381இல் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயராய் இருந்து பொதுச்சங்கத்துக்கே தலைமை தாங்கியவர், பூசல்களால் மனம் சலித்துப் பதவியைத் துறந்தார். சொந்த மண்ணுக்குத் திரும்பிக் கவிதைகள் எழுதியவாறு தம் இறுதி நாள்களைக் கழித்தார். அவர் பெயரால் எழுந்த ஆலயம் இன்று பள்ளிவாசல். ஊரார் அதை 'கிலிசே ஜாமி' என்கிறார்கள். ஆலயப் பள்ளிவாசல் என்பது அதன் பொருள். எக்லேசியா என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே அந்தக் கிலிசே. ஐங்காலத் தொழுகை நடக்கும் இடத்தை நாள்தோறும் ஆலயம் என்ற சொல்லைச் சேர்த்தே அழைக்கும் அம்மக்களிடம் நாம் கண்டது பகைமை அன்று.

கெல்வெரியின் பழைய குடிகள் யார்? அவர்கள் கிரேக்கத் திருச்சபையினர். ஆனால் கிரேக்கம் பேசாதவர்கள். வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் துருக்கி மொழியே அவர்கள் மொழி. அதைக் கிரேக்க எழுத்துகளில் எழுதினார்கள். விவிலியமும், புனிதர் வரலாறுகளும், செபப் புத்தகங்களும் இப்படி அச்சாயின. நமக்கு இது புதிதாய்த் தோன்றத் தேவையில்லை. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான நம் முதல் தமிழ்ச் செபநூலில் தமிழ் உரோமை எழுத்தில்தான் நின்றது. நம் இசுலாமியச் சகோதரர்கள் அரபி எழுத்தில் தமிழ் எழுதி அதை அர்வி என்றார்கள். கெல்வெரியில் திருவழிபாட்டின் பெரும்பகுதி கிரேக்கத்தில் நடந்தது. மக்களின் சொந்தச் செபமோ துருக்கியில். நம் தாத்தா பாட்டியர் இலத்தீனில் பூசை கண்டு தமிழில் செபமாலை சொன்னதைப் போல என்று கொள்ளலாம். கடவுளை அவர்கள் 'அல்லா' என்றே அழைத்தார்கள். அவர்கள் தாய்மொழியில் கடவுளுக்கு அதுதான் சொல்.

1919இல் கிரேக்கப் படைகள் சிமிர்னாவில் இறங்கின. மூன்றாண்டுப் போரில் இரு தரப்பிலும் கொடுமைகள் நடந்தன. 1922இல் கிரேக்கர் தோற்றனர். செப்டம்பரில் சிமிர்னா எரிந்தது. மேற்குக் கரையின் கிறித்தவர்கள் இலட்சக்கணக்கில் கடல் கடந்து ஓடினர். கப்பதோக்கியாவிலோ போர்முனை எதுவும் இருக்கவில்லை. அங்கே அண்டை வீட்டார் அண்டை வீட்டாராகவே இருந்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பேச்சு நடந்தது. அகதிகளுக்காக உழைத்து 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நான்சென் என்ற நார்வே நாட்டவர்தான் மக்கள் பரிமாற்றத்தை வழியாக முன்வைத்தார். நல்லவர், ஓடி வந்தவர்களின் பசியைக் கண்டவர். பேச்சுக்குத் தலைமை தாங்கியோரில் ஒருவர் கர்சன் பிரபு. ஆம், இந்தியாவில் அரசப் பிரதிநிதியாய் இருந்து 1905இல் வங்காளத்தை இரண்டாக வெட்டிய அதே கர்சன்தான். இது மிகத் தீய தீர்வு, உலகம் நூறாண்டுக் காலம் இதற்கு விலை கொடுக்கும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, நடந்ததை நடக்க விட்டார்.

1923 சனவரி 30இல் கையொப்பமான உடன்படிக்கையின் முதல் விதி சுருக்கமானது. துருக்கியில் வாழும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சமயத்தவரும், கிரேக்கத்தில் வாழும் இசுலாமிய சமயத்தவரும் கட்டாயமாக இடம் மாற வேண்டும். அரசின் இசைவின்றி மீண்டும் குடியேறலாகாது. இன்ன மொழி பேசுவோர் என்று அதில் இல்லை. இன்ன நாட்டின்மேல் பற்றுடையோர் என்றும் இல்லை. ஒருவரை நாடு கடத்தப் போதுமான அடையாளம் அவரது சமயம் ஒன்றே. மேற்குத் திரேசு இசுலாமியருக்கும் கொன்ஸ்தாந்திநோபிள் கிரேக்கருக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. ஏற்கெனவே தப்பியோடியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இசுலாமியர் துருக்கிக்கும் போய்ச் சேர்ந்தனர். 1937இல் பாலஸ்தீனம் பற்றி ஆராய்ந்த பிரித்தானிய ஆணையம் இதையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது என்பதையும் இங்கே குறித்துவைப்போம்.

பங்குப் பணியாளர்களாகிய எங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடு என்பது அன்றாடம் கைபடும் பொருள். பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள். ஒரு குழந்தை கிறித்துவின் உடலில் உறுப்பாகிறது என்பதற்கு அது சான்று. ஒட்டோமான் பேரரசும் தன் குடிகளைச் சமய வாரியாகவே எண்ணி வந்தது. அருளடையாளத்தால் வந்த பெயர் அரசின் கையில் ஒரு கணக்காக மாறியபோது என்ன நடக்கும் என்பதைக் கெல்வெரியில் நின்றபோது நாம் எண்ணாதிருக்க இயலவில்லை. துருக்கி மட்டுமே பேசத் தெரிந்த ஓர் உழவரை அவர் பெற்ற திருமுழுக்கு கிரேக்கராக்கியது. கிரேத்துத் தீவில் கிரேக்கம் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு மீனவரை அவரது தொழுகை துருக்கியராக்கியது.

விலக்குக் கேட்டவரும் இருந்தார். அனத்தோலியாவின் பாப்பா எப்தீம் என்ற ஆர்த்தடாக்ஸ் குரு, நாங்கள் துருக்கியர், எங்கள் செபமும் துருக்கி என்று வாதாடித் தனியொரு துருக்கித் திருச்சபையே நிறுவினார். அரசு அவரையும் அவர் குடும்பத்தையும் இருக்க விட்டது. அவர் யாருக்காக வாதாடினாரோ அம்மக்கள் போனார்கள்.

1924இல் கப்பதோக்கிய மக்கள் மெர்சின் துறைமுகம் நோக்கி இறங்கினார்கள். சமூகத்துக்குச் சொந்தமான அசையும் பொருள்களை எடுத்துச் செல்ல உடன்படிக்கை இடம் தந்தது. எனவே பீடத்துப் பொருள்களும், திருவுருவப் படங்களும் ஊர்களிலிருந்து புறப்பட்டன. கெல்வெரியார், கிரகோரியாருடையது என்று தலைமுறைகளாய்ப் போற்றிய திருப்பண்டத்தைத் தங்களோடு சுமந்து சென்றனர். சினாசோசு என்னும் செல்வந்த ஊரின் மக்கள், புறப்படுமுன் தங்கள் தெருக்களையும் கல்வீடுகளையும் ஆலயங்களையும் புகைப்படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். அங்கே அடுக்கடுக்காய் நிற்கும் மாளிகைகளைக் கண்டபோது, இவற்றைப் பூட்டிவிட்டு எப்படி நடந்தார்கள் என்று எங்கள் குழுவினர் தமக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் விடை சொல்லவில்லை.

பலர் கிரேக்க மண்ணை மிதிக்குமுன்பே நோய்க்கு இரையாயினர். மிஞ்சிய கெல்வெரியார் கவாலா நகருக்கு அருகே புதிய கர்வாலி என்று ஓர் ஊர் அமைத்துத் தங்கள் கிரகோரியாருக்கு மீண்டும் ஆலயம் எழுப்பினார்கள். வாய் திறந்தால் துருக்கி பேசும் இவர்களை உள்ளூரார் 'துருக்கியர் விதை' என்று இகழ்ந்தார்கள். மறுபுறம், கிரேத்திலிருந்து வந்த இசுலாமியர் எகேயக் கரையில் கிரேக்கம் பேசி நின்றபோது 'அரைக் காஃபிர்' என்ற ஏச்சைக் கேட்டார்கள். விசுவாசத்துக்காக நாடு இழந்தவர்களை விசுவாசத்தில் உடன்பிறந்தவர்களே அயலாராய் நோக்கினார்கள். வரலாற்றில் நம்மை மிகவும் வருத்துவது இதுதான்.

கெல்வெரியின் வெற்று வீடுகளில், வடக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்ட இசுலாமியர் குடியேற்றப்பட்டனர். தேநீர்க் கடையில் எங்களுக்கு இடம் கொடுத்த முதியவர் ஒருவர், தம் தாயார் ஏழு வயதில் அப்படி வந்தவர் என்றார். தம் வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். கீழறையில் பாறையைக் குடைந்து செய்த தொட்டி ஒன்று இருந்தது. திராட்சையை மிதித்து இரசமாக்கிய இடம் அது. வந்தவர்களுக்கு மது விலக்கப்பட்டது. எனவே தொட்டியை இடிக்காமல், அதே கொடிகளின் பழத்தை அதே தொட்டியில் பிழிந்து, காய்ச்சிப் பாகாக்கினார்கள். ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் தந்தார். பதநீர்ப் பாகின் நிறம், சற்றுப் புளிப்பு. முன்பு புதிய கர்வாலியிலிருந்து முதியவர்கள் வருவார்களாம்; வாசலில் நின்று, இவ்வூராரே மறந்துவிட்ட பழைய துருக்கிச் சொற்களில், உள்ளே வரலாமா என்று கேட்பார்களாம். தம் தாயார் ஒருமுறைகூட மறுத்ததில்லை என்றார் அவர்.

விலக்குப் பெற்று இஸ்தான்புல்லில் தங்கியோர் கதையும் மகிழ்ச்சிக்குரியதன்று. 1942இன் சொத்துவரி, 1955 செப்டம்பரில் கடைகளையும் ஆலயங்களையும் சூறையாடிய கலவரம், 1964இன் வெளியேற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இலட்சம் பேர் இருந்த இடத்தில் இன்று சில ஆயிரம் பேர். ஹால்கி தீவின் குருமடம் 1971 முதல் மாணவரின்றி இருக்கிறது. ஆயினும் முதுபெரும் தந்தையின் பீடம் பெனர் பகுதியில் அணையாமல் நிற்கிறது. உரோமையில் நெடுங்காலம் இருந்த கிரகோரியாரின் திருப்பண்டங்களை 2004 நவம்பர் 27இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இப்பீடத்துக்குத் திருப்பி அளித்தார்.

நம் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அந்நகரில் ஒரு நினைவு உண்டு. 1935 முதல் 1944 வரை துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் சேர்த்துத் திருத்தந்தையின் பதிலாளராய் இருந்தவர் ஆயர் ரொங்காலி. பின்னாளில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர். பரிமாறிக்கொண்ட இரு நாடுகளும் ஒரே ஆயரின் பொறுப்பில்! குருத்துவ உடை பொதுவிடத்தில் தடை செய்யப்பட்டபோது முணுமுணுக்காமல் சாதாரண மேலங்கி அணிந்து நடந்தார். துருக்கி மொழி கற்கத் தொடங்கினார். நற்கருணை ஆசீரை அடுத்துச் சொல்லும் புகழ்ச்சிகளைத் துருக்கியில் சொல்லச் செய்தார். ஆலயத்தில் இருந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். சிலருக்கு அது பிடிக்கவில்லை. கெல்வெரி மக்கள் துருக்கி மொழியில் செபித்தபடி கப்பலேறிப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட அப்போது நிறைந்திருக்கவில்லை.