மெய்ச்சூழல் கற்றல்: மலாக்கா மாநில உயர்கல்வியில்

மெய்ச்சூழல் கற்றல் என்பது, ஒரு தொழிலில் உண்மையாக எழும் சிக்கல்களை, அவை எழும் இடத்திலேயே, வழிகாட்டியின் மேற்பார்வையில் மாணவர் தாமே கையாண்டு தேர்ச்சி பெறும் முறையாகும். செய்முறை வகுப்பில் வரவேண்டிய விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். மெய்ச்சூழலிலோ, எதிரே நிற்கும் சிக்கல் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதையே மாணவர்தாம் முதலில் கண்டறிய வேண்டும். 1969இல் முதல் மாணவர் அணியைச் சேர்த்த கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி, பாட வரிசையை விட்டு நோயாளியின் சிக்கலிலிருந்தே படிப்பைத் தொடங்கியது இம்முறைக்கு நெருங்கிய முன்னோடியாகும்.

மலாக்காவில் இதன் தெளிவான எடுத்துக்காட்டு, 1997இல் தொடங்கப்பட்டுப் பின்னர் மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்த மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி. நெடுங்காலம் அதன் மாணவர்கள் படிப்பின் முற்பகுதியைக் கர்நாடகத்தின் மணிப்பாலில் முடித்து, பிற்பகுதியை மலாக்கா, மூவார் மருத்துவமனைகளின் நோயாளிக் கூடங்களில் பயின்றனர். தோட்ட முதலாளி டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட மாநிலம் இது. அத்தொழிலை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் முதியோரும் இம்மாணவர்களின் முன் நோயாளிகளாக அமர்வதுண்டு. பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி “மயக்கமா வருது” என்கிறார் எனில், அச்சொல் தலைசுற்றலையும் குறிக்கும், கண் இருள்வதையும் குறிக்கும், நினைவிழந்து விழுந்ததையும் குறிக்கும். சுவர் சுற்றியதா, எழுந்து நிற்கும்போது வந்ததா, இனிப்புநீர் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறியும் மாணவர், பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாகக் கிடந்த நோய்களை ஒரே சொல்லுக்குள் சந்திக்கிறார். மொழியறிவும் மருத்துவ அறிவின் ஒரு பகுதியே என்பதை வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு ஆழமாகப் பதிய வைப்பதில்லை.

பொறியியல் துறையில், 2000இல் நிறுவப்பட்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவும், மலாக்கா, மெர்லிமாவ் பாலிதெக்னிக்குகளும் தொழிற்பயிற்சி வழியாக இம்முறையைக் கையாளுகின்றன. ஆனால் பயிற்சி பெறும் மாணவரிடம் நகலெடுக்கும் வேலையை மட்டும் தந்து ஒதுக்கும் இடத்தில், சூழல் உண்மையாக இருந்தும் கற்றல் நிகழ்வதில்லை. பொறுப்புள்ள ஒரு பணியும், பிழையை அன்றே சுட்டிக்காட்டும் மூத்தவர் ஒருவரும் கற்றலுக்குக் கட்டாயம் தேவை.

மதிப்பீடும் மெய்ச்சூழலுக்கேற்ப மாற வேண்டும் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ் 1989இல் வலியுறுத்தினார். மருத்துவக் கல்வியில் நெடுநாளாக வழங்கும் நீள்நோயாளித் தேர்வு அத்தகையது: முன்பின் அறியாத ஒருவரிடம் மாணவர் தனியே பேசி, உடலைச் சோதித்து, தாம் கண்டதையும் அதற்கான காரணத்தையும் தேர்வாளர் முன் எடுத்துரைக்கிறார்.