ஆறங்குலத் துளை: திருச்செங்கோட்டு ரிக் தொழிலும் சில்க்யாரா சுரங்கமும்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பேர்போன ஊர் திருச்செங்கோடு. இந்த ஊர் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் எனப் பல மாநிலங்களில் ஓடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறியிருக்கின்றன. மழை குறைந்த ஓர் ஊரில் இப்படியொரு தொழில் வேர்விட்டதற்குக் காரணம், அதன் நிலத்தடியில் இருக்கும் பாறை.

சேலம், நாமக்கல் சமவெளியின் அடித்தளம் சார்னோக்கைட், நைஸ் முதலிய மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனது. திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் கோயில் அமைந்த மலையில் வெளியே தெரியும் பாறை, சுற்றிலுமுள்ள காடுகளில் மண்ணுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஆற்று வண்டலில் நீர் எங்கும் பரவி நிற்கும். இங்கேயோ பெரும்பாலும் பாறையின் வெடிப்புகளில்தான் அது ஓடும். துளை வெடிப்பைத் தொட்டால் தண்ணீர். தவறினால் வெறும் கல்தூள்.

ரிக் வருவதற்கு முன்பு பாசனத்துக்கு ஆதாரமாக இருந்தவை வெட்டுக் கிணறுகள். கிணறு வெட்டுவதும் கல் உடைப்பதும் பெரும்பாலும் போயர் சமூகத்தினர் குழுவாகச் செய்த வேலை. பாறை தட்டியதும் தமர் அடிப்பார்கள். ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். துளையில் மருந்து திணித்துத் திரிக்குத் தீ வைக்கும்முன் கிணற்றில் இருப்பவர் எல்லாரும் மேலேறிவிட வேண்டும். வேட்டு வெடித்த பிறகு கல்லை அள்ள ஒரு கூட்டம், மேலே இழுக்க ஒரு கூட்டம். சம்மட்டிக்காரரின் கை பிசகினால் கம்பி பிடித்தவரின் விரல் போகும். திரி வைத்தவரின் கணக்கு பிசகினால் உயிர் போகும். ஒருவர் கையில் மற்றவர் உயிர் என்ற நிலைமை, இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது.

பின்னர் கம்ப்ரசர் காற்றில் இயங்கும் ஜாக்ஹேமர் வந்து சம்மட்டியை ஓய்வுக்கு அனுப்பியது. கிணறு வற்றியபோது, அதன் பக்கச் சுவரில் படுக்கைவாட்டாகத் துளையிட்டு வெடிப்பைத் தேடும் ‘சைடு போர்’ முறையும் கொங்குப் பகுதியில் பரவியது. கீழ்நோக்கி மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் பாறையைத் துளைக்கும் பழக்கம் இவ்வாறு உண்டானது.

கடும்பாறைத் துளையிடலைப் புரட்டிப்போட்டது, துளையின் அடியிலேயே சுத்தியல் இயங்கும் முறை. மேலிருந்து அடித்தால் அடியின் விசை நீண்ட கம்பியில் கரைந்துவிடும். ஆகவே ராடுகள் எனும் துளைக்குழாய்களின் அடிமுனையில் ஹேமர் எனும் சுத்தியலையும் பிட் எனும் வெட்டுமுனையையும் மாட்டி, குழாய்வழியே அழுத்தக் காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றே ஹேமரை இயக்குகிறது. உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதுவே. 1967-ல் பிகார் வறட்சியின்போது யுனிசெஃப் இவ்வகை இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் குடிநீர்த் திட்டங்களும் மின்மோட்டார்களும் பெருகி, ஆழ்துளைக் கிணற்றின் தேவை நாடெங்கும் உயர்ந்தது. வறட்சியும் பாறையும் பழகிய திருச்செங்கோட்டு வட்டார உழவர்கள் பங்கு சேர்ந்து ரிக் வாங்கினர். வண்டிகளைத் தொடர்ந்து பழுதுபார்க்கும் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் வந்தன. பிறகு ரிக் இயந்திரங்களையே செய்யும் நிறுவனங்கள் உருவாயின.

ஒரு ரிக் கிளம்பும்போது கம்ப்ரசர், ராடுகள், டீசல், சமையல் சாமான் எல்லாம் உடன் போகும். மேனேஜர் விலை பேசி, எத்தனை ராடு இறங்கியது என்று அடிக்கணக்கு எழுதுவார். லீவரைப் பிடிப்பவர் டிரில்லர். ராடு மாட்டுவதும் கழற்றுவதும் உதவியாட்களின் வேலை. கம்ப்ரசரின் இரைச்சலில் பேச்சு கேட்காது, கைச்சாடைதான் மொழி. தூளின் நிறம் மாறுவதை ஒருவர் பார்க்கிறார். ஹேமரின் ஓசை மாறுவதை இன்னொருவர் கேட்கிறார். தூள் ஈரமாக வந்தால் வெடிப்பு அருகில் இருக்கிறது. காற்று திரும்பாவிட்டால் துளை அடைபடுகிறது. இளகிய மண் சரிந்தால் ஹேமர் சிக்கிக்கொள்ளும்; அதை மீட்க முடியாவிட்டால் பெருநட்டம். அதனால் பாறை தட்டும்வரை, துளைச் சுவரைத் தாங்கும் கேசிங் பைப் இறக்குவது முதல் விதி. சரியும் மண்ணில் துளையிட்டுக்கொண்டே கேசிங்கையும் கூடவே இழுத்துச் செல்லும் முறையும் பின்னாளில் வந்தது.

இத்தொழில் நிலத்துக்கும் உடலுக்கும் விலை கேட்டது. நீர்மட்டம் இறங்க இறங்க, சில நூறு அடியில் நின்ற துளைகள் ஆயிரம் அடியைத் தாண்டின. கல்தூளைச் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும் ஆபத்து எப்போதும் உண்டு.

நீருக்காக வளர்ந்த துளையிடும் கலை, மண்ணுக்குள் சிக்கியவர்களை மீட்கவும் பயன்பட்டிருக்கிறது. 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், துளை வழியே எஃகுக் கூண்டை இறக்கி 65 பேரை மேலே கொண்டுவந்தார். 2010-ல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் சிக்கினர். 17-ஆம் நாள் ஒரு குறுகிய துளை அவர்களை எட்டிய பிறகே அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. 69-ஆம் நாள் அனைவரும் மீண்டனர். இரண்டு இடங்களிலும் முதலில் சென்றது சிறு துளை; மனிதர் ஏறிவரும் வழி அதன் பின்னரே அமைந்தது.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள் அதிகாலையில், உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் கட்டப்பட்டுவந்த சில்க்யாரா சுரங்கச் சாலையின் ஒரு பகுதி சரிந்தது. ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் நீளம் திட்டமிடப்பட்ட அந்தச் சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கினர். வாயிலுக்கும் அவர்களுக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் இடிபாடு கிடந்தது. முன்பே போடப்பட்டிருந்த 4 அங்குலக் குழாயில் காற்று, பொரி போன்றவற்றை மட்டுமே அனுப்ப முடிந்தது.

இரண்டாவது குழாயைச் செலுத்தும் வேலையில் தமிழ்நாட்டுத் துளையிடும் குழு ஒன்று ஈடுபட்டது. திருச்செங்கோட்டில் தயாரான பி.ஆர்.டி. நிறுவனத்தின் ரிக் அங்கே இயங்கியது. கீழ்நோக்கிய துளையில் ராடின் எடை துணை நிற்கும். படுக்கைத் துளையில் அதே எடை முனையைக் கீழே சாய்க்கும். இடிபாட்டுக் குவியலில் மண், பாறை, உடைந்த கான்கிரீட், இரும்புச் சட்டங்கள் எல்லாம் கலந்திருந்தன. துளையிட்டதும் சரியும் அந்தக் குவியலில், கேசிங்கைக் கூடவே செலுத்தும் முறை கைகொடுத்தது. நவம்பர் 20-ஆம் தேதி 6 அங்குலக் குழாய் மறுபக்கம் எட்டியது. அன்றிரவே சூடான கிச்சடி பாட்டில்களில் அடைத்து அனுப்பப்பட்டது. மறுநாள் கேமரா வழியே உள்ளே சிக்கியவர்களின் முகங்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு எஞ்சியிருந்தது, ஆள் வெளியே வருவதற்கான வழி.

அந்த வழிக்குப் பல முயற்சிகள் ஒரே காலத்தில் நடந்தன. திருகுபோல் சுழன்று துளைக்கும் ஆகர் இயந்திரம் இரும்புக் குழாயை முன்னே தள்ளியது. எல்லைச் சாலை நிறுவனம் மலைமேல் பாதை போட, எஸ்.ஜே.வி.என். நிறுவனம் மேலிருந்து செங்குத்தாகத் துளையிட்டது. பன்னாட்டுச் சுரங்கக் கட்டுமானச் சங்கத்தின் அன்றைய தலைவர் அர்னால்ட் டிக்ஸ் ஆலோசனை கூறினார். நவம்பர் 24-ல் ஆகரின் அலகு இரும்பில் சிக்கி உடைந்தது. ஐதராபாத்திலிருந்து வந்த பிளாஸ்மா வெட்டுக்கருவியால் அதைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே எடுத்தார்கள்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கைகளே தோண்டின. ‘எலிவளை’ முறையில் பழகிய தொழிலாளர்கள் 800 மில்லிமீட்டர் குழாய்க்குள் ஊர்ந்து சென்றனர். ஒருவர் தோண்ட, ஒருவர் மண்ணை அள்ள, மற்றவர்கள் தள்ளுவண்டியில் வெளியே இழுத்தனர். அவர்கள் தோண்டிய தூரத்துக்கு இயந்திரம் குழாயை முன்னே தள்ளியது. மேகாலயா நிலக்கரிச் சுரங்கங்களில், பாதுகாப்பற்றது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடைசெய்த முறை அது. நவம்பர் 28 மாலை தொடங்கி 41 பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தனர்.

இந்த மீட்பில் எந்த ஒரு கருவியும் தனியாக வழி திறக்கவில்லை. குறுகிய குழாய் உயிரைக் காத்து நாட்களைச் சம்பாதித்துத் தந்தது. ஆகர் பெருந்தூரம் போயிற்று. அது நின்ற இடத்தில் மனிதக் கை தொடர்ந்தது. தமர் அடித்த கிணற்றில் கம்பி பிடித்தவரும் சம்மட்டி பிடித்தவரும் பகிர்ந்துகொண்ட வேலைமுறைதான் இங்கே பல நிறுவனங்களுக்கிடையே நடந்தது. சில்க்யாரா சுரங்கத்தின் இரு முனைகளும் 2025 ஏப்ரலில் ஒன்றாக இணைந்தன.