கடற்கோளும் பெயரேடும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை அம்பாறை மாவட்டத்தினுள் புகுந்ததும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கிற்று என்று வழிப்போக்கர் அறிவது அரிது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் முஸ்லிம்களும் தமிழருமாகப் பல்லாயிரம் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. மருதமுனையில் கைத்தறி, கரையோரத்தில் தோணியும் கரைவலையும், வயற்புறத்தில் வேளாண்மை.

இக்கரையின் பழைய பெயரேடு தாளில் எழுதப்பட்டதன்று. குடி முறையே அப்பெயரேடு. ஒருவரின் குடி அவருடைய தாயின் குடியே. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமர்வது நெடுநாளைய வழக்கம். திருமணத்தின் பின் கணவன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறுவதும், வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவதும் இங்கு இயல்பு. குடும்பத்துக்கென ஒரு பொதுப்பெயர் கிடையாது. தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரை எழுதுவதே முறை. ஊருக்குள் இருக்கும்வரை இவ்வேற்பாட்டில் எவருக்கும் இடர் நேர்ந்ததில்லை. இன்னார் இன்னாருடைய மகள், இன்ன குடி என்றால் போதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. சுமாத்திராவை அடுத்த கடலடியில் விடியற்காலையில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலைகள் அன்று காலையிலேயே கிழக்குக் கரையை வந்து தாக்கின. இலங்கையில் உயிரிழந்தோர் 30,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் அம்பாறை மாவட்டத்தினர் மாத்திரம் 10,000க்கு மேலாவர். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை. எஞ்சியோர் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் தஞ்சம் புகுந்தனர். தாய் ஓரிடம், பிள்ளை வேறிடம் எனப் பிரிந்தனர். ஊரின் நினைவைச் சுமந்திருந்த முதியோர் பலரையும் கடல் கொண்டு சென்றுவிட்டது. எனவே எழுதப்பட்ட பெயரேடு இன்றியமையாததாயிற்று. முகாமுக்கொரு பட்டியல், தொண்டு நிறுவனத்துக்கொரு பட்டியல், செயலகத்துக்கொரு பட்டியல் எனப் பட்டியல்கள் பெருகின. முகம்மது என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நேயர்கள் அறிவர். ஒருவரே மூவராகப் பதியப்படவும், மூவர் ஒருவராகக் கருதப்படவும் இது ஒன்றே போதுமன்றோ?

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சி கொழும்பில் பிறந்தது. 2003இல் நிறுவப்பட்டிருந்த லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த பொறியியலாளரும் தன்னார்வத் தொண்டரும், அனர்த்த நிவாரணத்துக்குரிய கட்டற்ற மென்பொருள் உலகில் எங்கேனும் உண்டா என்று தேடினர். தக்கது கிடைக்கவில்லை. ஆகவே தாமே எழுதத் துணிந்தனர். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், கேட்கப்படும் பொருள்கள் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் பதியும் அம்மென்பொருளுக்குச் ‘சஹன’ என்று பெயரிட்டனர். இசைப்பிரியர் இராகத்தை நினைக்க வேண்டியதில்லை. நிவாரணம் என்பதற்குரிய சிங்களச் சொல் அது. நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

இவ்வளவு விரைவில் அதனை எழுத முடிந்ததன் காரணம் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளின் வரலாற்றில் இருக்கின்றது. 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் தடையில்லாத ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். பின்னர் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி முதலியன வந்து சேர்ந்தன. சஹன இவற்றின் மீதே கட்டப்பட்டது. உரிமக் கட்டணம் செலுத்தவோ, உத்தரவு பெறவோ, எந்த வணிக நிறுவனத்தின் மறுமொழிக்கும் காத்திருக்கவோ தேவை இருக்கவில்லை. வணிக மென்பொருள்கள் தரத்தில் தாழ்ந்தவை என்று கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் பூட்டிய பெட்டியாக வரும் மென்பொருளின் உள்ளமைப்பை வாங்கியவர் தாமாக மாற்ற இயலாது.

கல்முனைக் கரைக்கு இதனால் என்னவென்று கேட்கலாம். நிவாரணப் படிவங்கள் பலவற்றில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு நிரல் உண்டு. நிரப்புபவர் அதில் கணவனின் பெயரையே எழுதிவிடுவார். கடல் கொண்டதோ மனைவியின் சீதன வீடு. புதிய வீடு எழுந்தபோது, அதன் உரிமை தலைவரென்று பதியப்பட்டவர் பெயருக்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. கிழக்கு மாகாணத்தில் இப்படித் தாய்வழிச் சொத்து தந்தையின் கைக்கு மாறியதைப் பற்றி ஆய்வாளரும் பெண்கள் அமைப்பினரும் அக்காலத்திலேயே முறையிட்டனர். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டமையால், பழைய காணியில் மீளக் கட்டும் வழியும் பலருக்கு அடைபட்டது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும், பெயர் எழுதப்பட்ட தாள் நிலைத்துவிட்டது.

ஒரு நிரலின் தலைப்பு சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பெண்ணின் வீடு அதில் தங்கியிருந்தது. மென்பொருள் திறந்திருந்தால் மாத்திரம் இக்குறை தீராது. நிரலை மாற்ற வேண்டுமென்று ஒருவர் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அதற்கு மின்சாரமும் கணினியும் தமிழ் எழுத்தும் கரையோரச் செயலகங்களில் இருக்க வேண்டும். திறந்த மென்பொருளில் அப்படிக் கேட்டால் செய்யலாம். ‘வீட்டு உரிமையாளர்’ என்று புதியதொரு நிரலைச் சேர்க்கலாம். தாயின் பெயருக்கும் இடம் விடலாம். படிவம் முழுவதையும் தமிழில் ஆக்கலாம். பூட்டிய பெட்டியிலோ கேட்டும் பயனில்லை.

தேசிய செயற்பாட்டு நிலையம் 2005இன் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டது. அரச அலுவலகங்கள் கலையும்போது அவற்றின் ஏடுகள் மூலையில் கட்டி வைக்கப்படுவது வழமை. சஹனவுக்கு அக்கதி நேரவில்லை. அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளத்தக்கதாக வெளியிடப்பட்டிருந்தது. அவசரத்தில் எழுதப்பட்ட முதல் வடிவம் பிற இடங்களுக்குப் பொருந்தாதென்பதை உணர்ந்த ஆக்கியோர், சுவீடன் நாட்டு அபிவிருத்தி உதவி நிறுவனத்தின் பொருளுதவியுடன் அதனை அடியிலிருந்து மீள எழுதினர். 2005 ஒக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கம் நேர்ந்தபோது பாகிஸ்தான் அதனை ஏற்றுக்கொண்டது. 2006இல் பிலிப்பைன்சில் மலைச்சரிவு, இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நிலநடுக்கம், அங்கும் சென்றது. அவ்வாண்டுக்குரிய சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு அளித்தது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

2009இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை அமைந்தது. 2010 சனவரியில் எயிற்றி நாட்டின் தலைநகர் இடிந்து வீழ்ந்தபோது, பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் அதனைக்கொண்டு உதவி நிறுவனங்களின் விவரங்களைத் திரட்டினர். அப்போது பயன்பட்ட வடிவம் பைதான் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. கடற்கோளின்போது கொழும்பில் பிஎச்பி மொழியில் எழுதிய வரிகளுக்கு அதில் வேலையில்லாமற் போயிற்று; சிங்களப் பெயர் மாத்திரம் அப்படியே நின்றது.